கைவிடப்பட்ட குதிரையை மீட்டுத் தேற்றுவது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

எலும்பும் தோலுமாக நிற்கிற குதிரையைக் கண்டால், ஒரு படி கொள்ளை வேகவைத்து வயிறு நிறையப் போட வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். பல வாரம் பட்டினி கிடந்த குதிரைக்கு அந்தக் கொள்ளே எமன். தெருவில் எப்படியோ தாக்குப்பிடித்த குதிரை, காப்பகத்துக்கு வந்த நான்கைந்து நாளில் திடீரென்று விழுந்து இறப்பது பெரும்பாலும் இதனால்தான். அதனால் இந்த வழிகாட்டியில் தீவனக் கணக்குக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

நம் ஊரில் கைவிடப்படுபவை பெரும்பாலும் மட்டக்குதிரைகள். உதகையிலும் கொடைக்கானலிலும் சவாரிக்கு ஓடியவை, கடற்கரை மணலில் குழந்தைகளைச் சுமந்தவை, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போனவை. சீசன் முடிந்தாலோ கால் நொண்டினாலோ அவிழ்த்துவிட்டுவிடுவார்கள். அது மார்க்கெட் குப்பையில் காய்கறிக் கழிவோடு பிளாஸ்டிக் பையையும் சேர்த்து மென்றுகொண்டிருக்கும். இவற்றின் எடை 200 முதல் 300 கிலோ வரை இருக்கும். கீழே வரும் அளவுகள் அந்த எடையை வைத்தே சொல்லப்படுகின்றன.

கயிற்றில் கை வைக்கும் முன்

தெருவில் திரிகிறது என்பதாலேயே அது ஆளில்லாத குதிரை ஆகிவிடாது. ஓட்டிக்கொண்டு வந்த பிறகு உரிமையாளர் முளைத்தால், திருட்டுப் புகார் உங்கள் மேல்தான் வரும். முதலில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். புண்களை அருகில் எடுங்கள். தண்ணீரும் தீவனமும் இல்லாத தொட்டியையும் சேர்த்து எடுங்கள். பிறகு காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.

1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவின்படி தீவனம், தண்ணீர், தங்குமிடம் தராமல் வைத்திருப்பது, கைவிடுவது, வேலைக்குத் தகுதியில்லாத விலங்கை வேலை வாங்குவது எல்லாமே குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய், டீக்கடைக் கணக்கு. ஆகவே தண்டனையை நம்பி வழக்குப் போட வேண்டாம். பயன் தருவது 2017இல் வந்த வழக்குச் சொத்து விலங்குகள் பராமரிப்பு விதிகள். வழக்கு முடியும் வரை விலங்கைக் காப்பகத்தில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம், அதற்கான செலவையும் உரிமையாளர் தலையில் வைக்கலாம். அதற்காகவே முதல் நாள் வண்டி வாடகையிலிருந்து எல்லா ரசீதையும் எடுத்து வையுங்கள்.

உரிமையாளரே கொடுத்துவிட முன்வந்தால் வேலை சுலபம். ஒப்படைப்புக் கடிதம், அடையாள அட்டை நகல், இரண்டு சாட்சிக் கையெழுத்து. கடிதத்தில் "ஒரு பழுப்புக் குதிரை" என்று எழுதினால் போதாது. நெற்றி வெள்ளை, எந்தெந்தக் காலில் வெள்ளை, எங்கெங்கே சுழி என்பதை எழுதுங்கள். ராசிக்காக நம்மவர்கள் பார்க்கும் அதே சுழிதான் உலகம் முழுக்கக் குதிரைப் பதிவேட்டில் அடையாளமாகவும் குறிக்கப்படுகிறது.

பணம் கொடுத்து மட்டும் வாங்காதீர்கள். இரக்கப்பட்டு நீங்கள் கொடுக்கும் தொகை, வருகிற ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் இன்னொரு மட்டக்குதிரையாக மாறும்.

நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டியவை

பின்பக்கமாக நெருங்கக் கூடாது. நேர் முன்னாலும் வேண்டாம். மூக்குக்கு நேரே சிறிது தூரம் அதற்குக் கண் தெரியாது. இடது தோளைப் பார்த்துச் சாய்வாக, ஏதாவது பேசிக்கொண்டே போங்கள். கை முதலில் தோளைத் தொடட்டும், முகத்தை அல்ல.

எச்சில் ஒழுகிக்கொண்டு, விழுங்கத் திணறுகிற குதிரையின் வாய்க்குள் கை விடவே கூடாது. தொண்டையில் எதுவோ சிக்கியது போலத்தான் தெரியும். ஆனால் குதிரையில் வெறிநோயும் இப்படித்தான் ஆரம்பிக்கும். தெருநாய்க் கடி வாங்கிய குதிரை என்றால் சந்தேகம் இன்னும் அதிகம். மூக்கில் ஒட்டும் சீழ், உள்ளே புண், காலில் சரம் சரமாகக் கட்டிகள் என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுக் கால்நடைப் பராமரிப்புத் துறைக்குச் சொல்லுங்கள். அது கிளாண்டர்ஸாக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றும், அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டிய நோய். அரசின் 1962 எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியை அழைக்கலாம்.

இவை இல்லையென்றால் அளவெடுங்கள். ஓய்வில் இருக்கும் குதிரையின் உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மட்டக்குதிரையில் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்தால் நாடி தட்டும். மூச்சு 8 முதல் 16. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் சிவக்க வேண்டும். நாடி 60ஐத் தாண்டி, விலாவில் காது வைத்தால் குடல் சத்தமும் கேட்கவில்லை என்றால், வண்டிக்கு முன் மருத்துவர் வர வேண்டும்.

உடல் நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் ஹென்னெக் அளவுகோல் 1983இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. கழுத்து, முதுகுத் திமில், தோளுக்குப் பின்புறம், விலா, இடுப்பு, வால் அடி என்று ஆறு இடம் பார்க்க வேண்டும். 5 என்பது சரியான உடம்பு. 1 என்றால் எலும்பின் மேல் தோல் மட்டும். கண்ணை நம்பாதீர்கள். மலைக் குதிரைகளுக்குக் குளிரில் முடி அடர்ந்து விலாவை மறைத்துவிடும், குடற்புழு வயிற்றை உப்ப வைத்துவிடும். உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள்.

எடைக்குத் தராசு தேவையில்லை, தையல்காரர் டேப் போதும். முன்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பின்தொடை முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 140, நீளம் 130 என்றால் ஏறத்தாழ 215 கிலோ. இந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். தீவனம், மருந்து எல்லாமே இதிலிருந்துதான்.

வண்டியில் ஏற்றுவது

மட்டக்குதிரைக்குக் குட்டி யானை வண்டி போதும். ஆனால் அதன் பக்கப் பலகை தாழ்வு; குதிரையின் நெஞ்சு உயரத்துக்காவது கம்பி அல்லது மரச்சட்டம் கட்ட வேண்டும். தளத்தில் நான்கு விரல் உயரம் ஆற்றுமணல், அதன்மேல் ஈரச் சாக்கு. வெறும் இரும்புத் தகட்டில் குளம்பு வழுக்கி ஒருமுறை விழுந்த குதிரை பிறகு வண்டியே ஏறாது.

சாய்பலகை கிடைக்காவிட்டால் மண்மேட்டில் வண்டியைப் பின்னுக்கு ஒட்டி நிறுத்துங்கள், தளமும் மேடும் சமமாகும். பின்னாலிருந்து அடித்துத் தள்ளுவதால் பயனில்லை. முகக்கயிற்றை மெல்ல இழுத்துப் பிடியுங்கள், ஒரு அடி எடுத்து வைத்ததும் அந்த நொடியே தளர்த்துங்கள். நடந்தால் இழுப்பு நிற்கும் என்று அதற்குப் புரிந்துவிட்டால் மீதி வேலை தானே நடக்கும். கயிற்றை ஓர் இழுப்பில் அவிழும் முடிச்சாகவே போடுங்கள். வெயில் காலத்தில் இரவுப் பயணம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர். படுத்த நிலையிலிருந்து எழ முடியாத குதிரையை ஏற்றலாமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் 30 நாள் தனியிடம்

வந்த குதிரையை மற்றவற்றோடு விடாதீர்கள். தனி லாயம், தனி வாளி, தனி தூரிகை, தனிச் செருப்பு. அதைக் கடைசியாகப் பராமரித்துவிட்டுக் கை கழுவி வெளியே வர வேண்டும். கிளாண்டர்ஸ், குதிரைத் தொற்று ரத்தசோகை இரண்டுக்கும் ரத்த மாதிரி எடுத்து, துறை வழியாக ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பலாம். முடிவு வரும் வரை தனிமை தொடரட்டும்.

அதே ரத்தத்தில் சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோய், உண்ணிக் காய்ச்சல் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வெளுத்த ஈறு, அடிவயிற்றிலும் காலிலும் வீக்கம், நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போவது ஆகியவை சர்ராவின் அடையாளம். மாட்டு ஈ கடித்துப் பரவுவது. இதைக் கவனிக்காமல் "இன்னும் நிறையப் போடு" என்று தீவனத்தை ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

தடுப்பூசி வரலாறு தெரியாத குதிரைக்குப் புண் இருந்தால் முதல் நாளே ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி வேண்டும்; 4 முதல் 6 வாரத்தில் மறு ஊசி. குளம்பில் குத்திய ஒரு சின்ன ஆணி போதும், குதிரைக்கு ரணஜன்னி வர. வெறிநோய்த் தடுப்பூசியைக் குதிரைக்கும் போடுங்கள், பராமரிப்பவர்களும் முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள்.

தீவனம்: இங்கேதான் அவசரப்படக் கூடாது

பட்டினியில் உடம்பு முதலில் கொழுப்பையும் பிறகு தசையையும் கரைத்துத் தின்னும். பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் இருப்பு வற்றிவிடும். அந்த நேரத்தில் கொள்ளு, சோறு, மக்காச்சோளம், வெல்லம் என்று மாவும் சர்க்கரையும் உள்ளே போனால் இன்சுலின் சட்டென்று ஏறும். அது ரத்தத்தில் மிச்சமிருக்கும் அந்த உப்புகளை எல்லாம் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் அளவு சரிந்ததும் இதயமும் மூச்சுத் தசையும் கைவிடும். இது பெரும்பாலும் தீவனம் தொடங்கிய 3 முதல் 5 நாளில் நடக்கும், "குதிரை தெளிந்துவிட்டது" என்று எல்லோரும் மகிழ்ந்துகொண்டிருக்கும் நேரத்தில்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 1990களில் பட்டினிக் குதிரைகளுக்கு மூன்று வகைத் தீவனம் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் தேறியது குதிரைமசால் (லூசர்ன்) என்ற தீவனப் பயிர். மாவுச்சத்து குறைவு, புரதமும் பாஸ்பரஸும் மக்னீசியமும் கூடுதல். கோவை, ஈரோடு பக்கம் விவசாயிகளிடமே கிடைக்கும். அந்த முறையை எடைக்குக் கிலோ கணக்காக மாற்றினால் இப்படி வரும்:

1 முதல் 3ஆம் நாள்: உலர்ந்த குதிரைமசால், எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 கிராம் வீதம், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். 215 கிலோக் குதிரைக்கு ஒரு வேளைக்கு 200 கிராம் சொச்சம், ஒரு நாளைக்கு ஆறு வேளை.

4 முதல் 6ஆம் நாள்: வேளையைக் குறைத்து அளவைப் படிப்படியாக ஏற்றுங்கள். 6ஆம் நாளில் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, கிலோவுக்கு 4 கிராம். அதே குதிரைக்கு ஒரு வேளைக்கு 850 கிராம்.

7 முதல் 10ஆம் நாள்: மூன்று வேளையிலேயே இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக.

10ஆம் நாளுக்குப் பிறகு: தின்னும் அளவுக்கு. சாதாரணமாக உடல் எடையில் 2 முதல் 2.5 சதவீதம் உலர்தீவனத்தில் நிற்கும்.

பச்சையாகக் கிடைத்தால் கணக்கு மாறும். பச்சையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். உலர்ந்தது 200 கிராம் என்றால் பச்சை ஏறத்தாழ 900 கிராம். அறுத்ததை அரைநாள் நிழலில் வாடவிட்டுக் கொடுங்கள். குவியலாகக் கிடந்து சூடேறியதைத் தொடவே வேண்டாம், வயிறு உப்பும். கண்ணளவில் அள்ளிப் போடாமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். ராத்திரி 2 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் போடுகிறவர் கைக்கு 200 கிராமும் 600 கிராமும் ஒன்றுதான்.

அந்த முதல் மூன்று நாள் பார்க்கச் சகிக்காது. பத்து நிமிடத்தில் தின்று முடித்துவிட்டு, வாளியை மூக்கால் உருட்டிக்கொண்டு, நீங்கள் நடக்கும் திசையெல்லாம் காதைத் திருப்பிக்கொண்டு நிற்கும். அப்போதுதான் யாராவது பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பார்கள். "தீவனம் கொடுக்கக் கூடாது" என்று லாயத்தில் பலகை மாட்டுங்கள். பலகையைப் படிக்காதவர்களுக்காக வேலியை இரண்டு மீட்டர் தள்ளிப் போடுங்கள்.

கைகால் நடுக்கம், தள்ளாட்டம், புதிதாகக் கால் வீக்கம், வேகமான நாடி, கழிச்சல் இதில் எது தெரிந்தாலும் அடுத்த வேளையைப் போடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். முடிந்தால் முதல் வாரத்தில் ஒன்றுவிட்டு ஒருநாள் ரத்தத்தில் பாஸ்பரஸ் பார்ப்பது நல்லது.

குதிரைமசால் கிடைக்காத ஊரில் சுத்தமான அருகம்புல்லில் தொடங்கலாம். அப்போது ரத்தப் பரிசோதனை இன்னும் முக்கியம். வைக்கோல் படுக்கைக்குத்தான்; சத்தில்லை, பல் மோசமான குதிரைக்குக் குடலில் அடைத்தும் கொள்ளும். இளஞ்சோளத் தட்டையில் நச்சு உண்டு. மாட்டுக்குப் போடும் நேப்பியர் புல்லை மட்டுமே மாதக்கணக்கில் போட்டால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு, எலும்பு இளகி முகம் வீங்கும். தவிடும் அளவு மீறினால் அதே வேலையைச் செய்யும்.

கொள்ளு ஒரேயடியாக வேண்டாம் என்றில்லை. ஒரு மாதம் கழித்து, லத்தி ஒழுங்காகி, எடை ஏறத் தொடங்கிய பின் ஊறவைத்து வேகவைத்து 100 கிராமில் ஆரம்பிக்கலாம். எடை கூட்டுவதற்கு அதைவிடப் பாதுகாப்பானது எண்ணெய்: தவிட்டு எண்ணெயோ கடலை எண்ணெயோ 20 மில்லியில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் 100 மில்லி வரை தீவனத்தில் பிசிறிக் கொடுங்கள்.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். எத்தனை லிட்டர் குறைந்தது என்று காலை மாலை குறியுங்கள். லத்தியையும் எண்ணுங்கள். நல்ல குதிரை நாளைக்கு 8 முதல் 12 முறை போடும். உருண்டை உடையாமல் விழுந்து, விழுந்ததும் லேசாகப் பிளக்க வேண்டும். சின்னதாக, கெட்டியாக, மேலே சளிப் படலத்தோடு வந்தால் அடைப்பு ஆரம்பிக்கிறது. குப்பை மேய்ந்த குதிரைக்கு நூலும் பிளாஸ்டிக்குமாக வரும். வெளியே தொங்குவதை இழுக்காதீர்கள், குடலைக் கிழித்துவிடும்.

பூச்சி, பல், குளம்பு, புண்

குடற்புழு மருந்தும் அவசரமில்லாதது. நலிந்த குதிரைக்கு முதல் நாளே கொடுத்து மொத்தப் புழுவும் ஒன்றாகச் செத்தால், குடலை அடைத்துக்கொள்ளும். குட்டிகளில் உருண்டைப்புழு கயிற்றுச் சுருளாகவே அடைக்கும். இரண்டு மூன்று வாரம் தேறட்டும். லத்தியில் புழு முட்டை எண்ணிப் பார்த்து, எடைக்கேற்ற மருந்தை வாய்வழியாகக் கொடுக்கலாம். மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடுவது பரவலான பழக்கம். போட்ட இடம் வீங்கிச் சீழ் வைக்கும், சில நேரம் உயிருக்கே ஆபத்தாகும்.

மென்ற புல் உருண்டையாகக் கீழே விழுந்து கிடந்தால் கடைவாய்ப் பல் கூர்ந்திருக்கிறது. மயக்க ஊசி போட்டு அராவுவதற்கு உடம்பு தாங்கும் வரை, தீவனத்தை நறுக்கி ஊறவைத்துக் கொடுங்கள்.

வளைந்து செருப்பு முனை போல நீண்ட குளம்பை ஒரே நாளில் அழகாக வெட்டிவிட லாடக்காரருக்கு ஆசை வரும். விடாதீர்கள். உள்ளே எலும்பும் தசைநாரும் அந்தக் கோணலுக்குப் பழகியிருக்கும். இரண்டு மூன்று வார இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, சரியான பிறகு 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை. அடிக்குளம்பின் முக்கோண மெத்தை கறுத்து நாறினால் அழுகல். தினமும் சுத்தம் செய்து உலர்ந்த தரையில் நிறுத்தினாலே பாதி சரியாகும். நேற்று நடந்த குதிரை இன்று ஒரு காலை ஊன்றவே மறுத்து, அந்தக் குளம்பும் சுடுகிறது என்றால் உள்ளே சீழ் கட்டியிருக்கலாம்.

புண்ணைக் கழுவ ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு. புழு வைத்த புண்ணில் டர்பன்டைனை அப்படியே ஊற்றுவது புழுவோடு சதையையும் வேகவைக்கும். இடுக்கியால் எடுத்து, மருத்துவர் தரும் மருந்தைப் போடுங்கள். முன்கால்களைச் சேர்த்துக் கட்டி மேயவிட்ட குதிரைகளில் கயிறு கணுக்காலுக்குள் புதைந்து, மேலே தோல் மூடியிருக்கும். முடி மறைப்பதால் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படும். அதை நீங்களே வெட்டாதீர்கள், அடியிலேயே தசைநாரும் ரத்தக்குழாயும் ஓடுகின்றன. சேணப் புண் ஆறும்வரை முதுகில் எதுவும் ஏறக் கூடாது, துணி கூட.

ஒரு மாதத்துக்குப் பிறகு

வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே ஆள் டேப் பிடித்து அளக்கட்டும். ஒரு மாதத்தில் மாற்றம் தெரியும். பழைய உடம்புக்கு வர 3 முதல் 5 மாதம் ஆகும். ஹென்னெக் மதிப்பு 4ஐத் தொட்ட பின் கையில் பிடித்து 10 நிமிட நடை. பெண் குதிரை என்றால் சினைப் பரிசோதனையை மறக்காதீர்கள். சினைக்காலம் 11 மாதம். எலும்பாக வந்தவையும் வயிற்றில் குட்டியோடு வருவதுண்டு. பொலிக்குதிரையைத் தேறிய பிறகு காயடிக்கலாம், அதன் பிறகும் ஆறு வாரம் பெண் குதிரைகளிடம் விட வேண்டாம், விந்து மிச்சமிருக்கும்.

கூட்டத்தில் சேர்ப்பதற்கு முன் ஒரு வாரம் வேலிக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கமாக விடுங்கள். சேர்க்கும் நாளில் முட்டுச்சந்து மூலைகளை அடைத்து, குதிரை எண்ணிக்கையைவிட இரண்டு இடம் கூடுதலாகத் தீவனம் வையுங்கள். கடைசியாக வந்தது எப்போதும் விரட்டப்படும்.

எல்லாமே தேறுவதில்லை. மூன்று நாளுக்கு மேல் எழ முடியாமல் கிடக்கும் பட்டினிக் குதிரை பிழைப்பது அரிது. அதுவரை ஆழமான வைக்கோல் படுக்கையில், நெஞ்சு தரையில் ஊன்றும்படி நிமிர்த்தி, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிக்கொண்டிருக்க வேண்டும். கருணைக்கொலை மருத்துவரின் முடிவு. தள்ளிப்போடுவது நம் ஆறுதலுக்குத்தான். மருந்து ஏறிய உடலைக் காட்டோரம் போடாதீர்கள், தின்னும் நாயும் கழுகும் சாகும். மாயாற்றுப் பக்கம் பாறுக் கழுகுகள் இன்னும் வாழ்கின்றன. டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணியைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006இல் தடை வந்ததே அவற்றுக்காகத்தான். கிணறு, ஓடையிலிருந்து தள்ளி, இரண்டு மீட்டர் ஆழத்தில் புதையுங்கள்.

தேறியதைத் தத்துக் கேட்டு வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, இன்னொரு குதிரை இருக்கிறதா என்று. தனியாக நிற்கும் குதிரை மறுபடி இளைக்கும். அடுத்தது கணக்கு: 300 கிலோக் குதிரைக்கு நாளைக்கு 6 கிலோ, மாதம் 180 கிலோ உலர்தீவனம், ஆறு வாரத்துக்கு ஒரு லாடக்காரர், ஆண்டுக்கு இரண்டு ஊசி. இதைத் தாங்குவாரா என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். சவாரிக்கும் ஊர்வலத்துக்கும் விடுவதில்லை, விற்பதில்லை, முடியாவிட்டால் காப்பகத்துக்கே திருப்புவது என்று ஒப்பந்தத்தில் எழுதி, மைக்ரோசிப் எண்ணைச் சேருங்கள். முதல் ஆண்டில் சொல்லாமல் போய்ப் பாருங்கள். போகும்போது தையல்காரர் டேப்பும் கையில் இருக்கட்டும்.